ஒரு வாத்தும் இருபத்தேழு தலாக்கும்

“தலாக் என் மேல விழட்டும் மச்சான், இந்த வாத்தைச் சாப்பிடாம நீ வாசலைத் தாண்டக் கூடாது!” என்று ரிஃப்அத் சொல்லி முடித்தபோது, அவருடைய மனைவியின் தம்பி குத்ப் வாசலைத் தாண்டியிருந்தான்.

“வயித்துல புண்ணு மச்சான். கொழுப்பைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர்!” என்று படிக்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

சொன்னது நடக்காவிட்டால் மனைவிக்கு விவாகரத்து என்னும் தலாக் ஆணையில்லாமல் கெய்ரோவில் உபசரிப்பு இல்லை. வந்தவரை இன்னொரு கோப்பை தேநீர் குடிக்க வைப்பதற்கும், மினிபஸ்ஸில் அடுத்தவருடைய டிக்கெட்டையும் தாமே எடுப்பதற்கும் ஆண்கள் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் ரிஃப்அத் அல்-மன்யலாவி முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் இருந்து தலைமைப் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். மன்யலாவி குடும்பத்தில் சொன்ன சொல் தரையில் விழுந்ததாக வரலாறு இல்லை. இப்போது விழுந்துவிட்டது. வாத்து மேசைமேல் இருந்தது.

“போயிட்டானா?” என்று இன்ஸாஃப் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அப்ப ரெண்டு காலும் உங்களுக்குத்தான்.”

எதிரே நிற்பவள் தம் மனைவியா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

தெருப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்கலாம். நல்ல மனிதர்தான், ஆனால் இன்ஸாஃபுக்குத் தூரத்து உறவு. குடும்ப மானத்தை உறவுக்காரர் கையில் கொடுப்பது, கண்ணாடிச் சாமானைக் கழுதைமேல் ஏற்றுவது போல. அதனால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் போனில் போட்டுக் கொடுத்திருந்த செயற்கை நுண்ணறிவிடம் கேட்டார். அது எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். முக்கியமாக, அதற்கு உறவுக்காரர்கள் இல்லை.

‘மிகச் சிறந்த கேள்வி’ என்று அது தொடங்கியது. ‘அது வெறும் வற்புறுத்தலா, அல்லது மெய்யாகவே கருதிச் சொன்னீர்களா?’

‘நான் கருதாததைச் சொல்பவன் அல்ல’ என்று ரிஃப்அத் தட்டினார்.

‘அப்படியானால் ஒரு தலாக் விழுந்துவிட்டது. இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடிவதற்குள் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.’

இரண்டு சாட்சிகள்! குத்பைக் கூப்பிட்டால் அவன் தாயாருக்குச் சொல்வான். அவத் என்ற வாயில்காப்பாளனைக் கூப்பிட்டால் ஒலிபெருக்கி தேவையில்லை. அன்று முதல் ரிஃப்அத்தின் தலையணை கூடத்து சோபாவுக்கு வந்தது. சமையலறைக்குள் நுழையுமுன் இருமினார். இன்ஸாஃப் முக்காடில்லாமல் வந்தால் சுவரைப் பார்த்தார்.

“என்ன ஹாஜி, கழுத்து பிடிச்சுக்கிச்சா?”

“முதுகு.”

“அப்ப சோபாதான் சரி. குணமாகட்டும், அவசரமில்ல” என்று அவள் நல்ல கம்பளியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெருந்தன்மை அவர் நெஞ்சை அறுத்தது. பாவம், நாற்பத்தொரு வருட வாழ்க்கை ஒரு வாத்தோடு போனது தெரியாமல் கம்பளி தருகிறாள்.

மறுநாள் கேள்வியைச் சற்றுத் திருத்தினார். ‘என் நண்பர் ஒருவர், வெறும் வற்புறுத்தலுக்காக…’

‘உங்கள் நண்பருக்குக் கவலை வேண்டாம். தலாக் விழவில்லை. சத்தியம் முறிந்ததற்குப் பரிகாரமாக அவர் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும்.’

ரிஃப்அத் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் பத்துப் பெட்டி கொஷரிச் சோறு வந்து இறங்கியது. பத்துப் பேரைக் கூட்டிவரும் வேலை அவதுக்கு.

“வீட்ல யாராச்சும் மவுத்தாயிட்டாங்களா பாஷா?”

“இல்ல.”

“நேர்ச்சையா?”

“சாப்பிடும்போது பேசக் கூடாது.”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே பாஷா.”

ஒன்பது பேரோடு அவதும் உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் ஒருவருடைய போன் அடித்தது. அவர் வாய் நிறையச் சோற்றோடு, “ரெண்டாவது கட்டடத்தையும் நானே முடிச்சுக்கிறேன், முன்பணத்தைக் கொண்டு வரச் சொல்லு” என்றார்.

ரிஃப்அத் போனைக் கேட்டார். போன், ‘வசதியுள்ளவர் கணக்கில் சேரமாட்டார். ஒருவர் குறைகிறார்’ என்றது.

இன்னொரு பெட்டி வாங்கி, கையில் பிடித்தபடி தெருவில் நின்றார். முழங்கை தேய்ந்த கோட்டோடு ஒருவர் வந்தார். மரியாதையாக நீட்டினார். வந்தவர் பள்ளிக்கூடத்துப் புதிய தலைமையாசிரியர். “என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?” என்று அவர் கேட்ட கேள்விக்குப் பாதித் தெரு ஜன்னலைத் திறந்தது. கடைசியில் தெருக் கூட்டுபவர் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, “அல்லாஹ் அவங்களுக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்” என்று, யாரோ இறந்துவிட்டதாக எண்ணித் துஆ செய்தார். அதைக் கேட்டவர்கள் கறுப்புடை உடுத்திக்கொண்டு மாடியேறினார்கள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ரிஃப்அத் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். துக்க வீட்டுச் சர்க்கரையில்லாக் காப்பி போய்க்கொண்டிருந்தது.

“யார் போனாங்கன்னு எனக்கே தெரியல, உக்காருங்க” என்று இன்ஸாஃப் எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தாள். தலாக் ஆணை எதுவுமில்லாமல்.

போகட்டும், கடன் தீர்ந்தது என்று அவர் பால்கனிக்குப் போய், நண்பர் பரிகாரத்தை முடித்துவிட்ட செய்தியைத் தெரிவித்தார்.

‘வாழ்த்துகள்! உங்கள் நண்பர் இதற்கு முன்பு இப்படிச் சொன்னதுண்டா?’

நேர்மையான மனிதரை வீழ்த்த இப்படி ஒரு கேள்வி போதும். காகிதம் எடுத்து எழுதினார். தேநீர் வேண்டாமென்று ஓடிய எரிவாயுக்காரன். இனிக்கும் என்று அவர் ஆணையிட்டு, வெட்டியபோது வெள்ளரிக்காயாக இருந்த தர்பூசணி. தாமதமாகாது என்று உறுதி சொன்ன அஸ்யூத் ரயில்; அது மட்டுமே ஆறு தடவை. நிறைவேறியவற்றை விட்டுவிட்டுப் பொய்த்தவற்றை மட்டும் எண்ணினார். வாத்தோடு சேர்த்து இருபத்தேழு.

‘மூன்றாவது தலாக்குடனேயே திருமணம் முடிந்துவிட்டது’ என்றது போன். ‘அந்தப் பெண்மணி வேறொருவரை மணந்து, அந்த வாழ்வும் இயல்பாக முடிந்த பிறகே உங்கள் நண்பர் அவரை மணக்க முடியும்.’

ரிஃப்அத் கீழே பார்த்தார். மருந்துக்கடை வாசலில், மனைவியை இழந்த மருந்துக்கடைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இன்ஸாஃபின் ரத்த அழுத்த மாத்திரையை எப்போதும் தனியாக எடுத்து வைப்பவர். அதை இத்தனை நாளும் வியாபார நேர்த்தி என்றே ரிஃப்அத் நினைத்திருந்தார்.

‘நிச்சயமாகவா?’ என்று கேட்டார்.

‘மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. ஒன்றுகூட விழவில்லை.’

‘விழுந்தது என்றாயே?’

‘சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள். எல்லாம் விழுந்துவிட்டன.’

ரிஃப்அத் கண்ணாடியைக் கழற்றினார். “உன்னைப் போய் மார்க்கத் தீர்ப்பு சொல்ற முஃப்தின்னு நெனச்சேனே” என்று போனிடம் வாய்விட்டே சொன்னார். “எங்க மேலதிகாரி எது சொன்னாலும் ஆமாம் போட ஒரு குமாஸ்தா பக்கத்துல நிப்பான். அவனேதான் நீ.”

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் மெட்ரோ ஏறினார். தெரிந்தவர் யாரும் வராத தூரத்தில், மார்க்கச் சந்தேகம் தீர்க்கும் ஒரு பத்வா அலுவலகம் இருந்தது. சீட்டில் மனைவியின் பெயரையும் எழுத வேண்டும் என்றார்கள். பெண்களின் பெயரை அந்நியரிடம் சொல்லும் வழக்கம் மன்யலாவி குடும்பத்தில் இல்லை. வியர்த்துக்கொண்டே, எறும்பு அளவு எழுத்தில் எழுதினார்.

ஷேக் இளவயதுக்காரர், ஆனால் பொறுமைசாலி. இருபத்தேழையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது.

“தர்பூசணி விஷயத்துல, மனைவியைப் பிரியணும்னு நெனச்சீங்களா ஹாஜி?”

“தர்பூசணிக்காரனை அடிக்கணும்னு நெனச்சேன் மௌலானா.”

“வாத்து?”

“வாத்தை அவன் சாப்பிடணும். அவ்வளவுதான்.”

“மனைவியை விட்டுடலாம்னு என்னைக்காவது?”

“அல்லாஹ் காப்பாத்தட்டும்! அவ இல்லாட்டி எனக்கு எந்தச் சட்டை எங்க இருக்குன்னுகூடத் தெரியாது மௌலானா” என்றார் ரிஃப்அத். நாற்பத்தொரு ஆண்டில் யாரிடமும் அவர் சொல்லாத செய்தி அது. இன்ஸாஃபிடமும்.

ஷேக் பேனாவை மூடினார். “அப்ப ஒண்ணும் ஆகல. அந்த அம்மா உங்க மனைவிதான். ஆனா ஒண்ணு ஹாஜி. சொன்ன சொல்லுல நிக்கிற குடும்பம்னு வந்ததுலேர்ந்து மூணு தடவை சொன்னீங்க. இருபத்தேழு தடவை நிக்கலியே? முறிஞ்ச சத்தியத்துக்கெல்லாம் பரிகாரம் இருக்கு. அதுக்கு முதல்ல நாக்கைக் கட்டுங்க.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் ரிஃப்அத் எழுந்து போயிருப்பார். இன்று அந்த வசவு தேன் போல இறங்கியது. வெளியே வந்து நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகு தானாகவே நிமிர்ந்தது. இன்றைக்கே தலையணை திரும்பிப் போகும். இன்ஸாஃபிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய ஆபத்திலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறோமே.

தேநீர்த் தட்டோடு வந்த கிழட்டுப் பணியாளர் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“அட, இன்ஸாஃப் அம்மா வீட்டுக்காரரா நீங்க!”

ரிஃப்அத் எடுத்த கோப்பையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். “அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமலா பாஷா? நீங்க ஒவ்வொரு தடவை ஆணையிட்டதும் வந்துடுவாங்களே, முந்தாநாள்கூட வாத்துக்கு வந்தாங்க” என்று பணியாளர் தேநீரில் சர்க்கரையைக் கலக்கினார். “ஷேக் எத்தனை தடவை ‘ஒண்ணும் ஆகலம்மா, பயப்படாதீங்க’ன்னு சொன்னாலும், பாவம், வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கேப்பாங்க: ‘கொஞ்சங்கூட ஆகலியா மௌலானா?’”