கைராசி அக்கா விழுந்த கடை

அடுத்தவர் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மணிக்கணக்கில் பேசச் சொன்னால் பேசுவேன். அதற்குச் சம்பளமே வாங்கியிருக்கிறேன். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் போதும், ஓர் ஆள் கையைக் காலை விரித்துக்கொண்டு விழுகிற படம் போட்ட மஞ்சள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். (தொழிலாளர்கள் எனக்கு வைத்த பெயரே ‘மஞ்சப் பலகை’தான். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) அப்படிப்பட்ட நான், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மளிகைக் கடை திறந்த அன்றே முதல் வாடிக்கையாளரின் கையை உடைத்தேன்.

அதுவும் சாதாரணக் கை இல்லை. எங்கள் வட்டாரத்தில் புதுக்கடை திறந்தால் முதல் வியாபாரத்தைத் தனபாக்கியம் அக்காதான் செய்ய வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியதும் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவர் கையால் முதல் காசு வாங்கிய முடிதிருத்தும் கடை, துணிக்கடை, கைப்பேசிக் கடை எல்லாம் ஓஹோவென்று ஓடுவதாகப் பேச்சு. (ஓடாத கடைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.) கணவர் இறந்த பிறகு கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அக்காவை யாரும் முன்னால் கூப்பிடுவதில்லை. கடைத் திறப்புக்கு மட்டும் தாம்பூலத் தட்டோடு வீடு தேடி வந்தார்கள். ஊர் அவரை முன்வரிசையில் நிறுத்தியிருந்தது அந்த வலது கைக்காகத்தான். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் மட்டும் அதை ஒரு நிமிஷம்கூட யோசித்துப் பார்த்ததில்லை.

திறப்பு நாளன்று பூஜை முடிந்து, திருஷ்டிப் பூசணிக்காயைக் கடை வாசலில் உடைத்தோம். கடைவரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையைக் காக்கி லீமா என்போம். அதில் பளபளவென்று புதுத் தளக்கல் பதித்திருந்தேன். (வழுவழுப்பாக இருந்தால்தான் வெளிச்சம் நன்றாக அடிக்கும் என்று தளக்கல் விற்றவர் சொன்னார். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.) பூசணிக்காய் நாலா பக்கமும் சிதறியது. நல்ல நேரம் முடிய அதிக நேரமில்லை. பெரிய துண்டுகளைப் பொறுக்கிப்போட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தள்ளினேன். விதையும் குங்குமமும் நீரும் கலந்து தளம் முழுக்கப் பரவின.

பழக்க தோஷம், என் மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். என் மனைவியின் அண்ணன் குமரேசன் அப்போது முகநூலில் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மச்சான், கட தொறக்கிற அன்னிக்கு வாசல்ல ஒரு ஆளு விழுற படமா? நல்லாவா இருக்கு?”

கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். அதில் விழுந்துகொண்டிருந்தவன் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் முதலாளியே சொன்னாலும் நகர்த்தாத பலகையை, அபசகுனம் என்று ஒருவர் சொன்னதும் நானே எடுத்துக்கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். குமரேசன் கைப்பேசியை மறுபடி தூக்கிப் பிடித்தார்.

“வாங்கக்கா, வலது கால வச்சி வாங்க” என்றாள் என் மனைவி மலர்.

அக்கா வலது காலை எடுத்துவைத்தார். பட்டுப் புடவை, நெற்றியில் திருநீறு, கையில் மடித்த நோட்டு. அடுத்த நொடி தரையில் கிடந்தார். விழும்போது நோட்டை விடவில்லை. அதனால் கையை ஊன்ற முடியாமல் மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இடுப்புக்கு மேலே என் கடையிலும் இடுப்புக்குக் கீழே காக்கி லீமாவிலுமாகக் கிடந்தார். இதை நான் ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் குமரேசன் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

“காக்கி லீமா மாநகர் மன்றத்து எடம் மச்சான். கால் வழுக்குனது அங்கதான். நம்ம பொறுப்பு இல்லலா. தைரியமா சொல்லு.”

நான் சொன்னேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. அவசரப் பிரிவில், மாவுக்கட்டுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியின் கட்டிலருகே நின்று, தொழிற்சாலையில் வகுப்பெடுக்கும் அதே குரலில் சொன்னேன்.

“அக்கா, நீங்க வழுக்குன எடம் சட்டப்படி எங்களோடது இல்ல.”

மலர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டும். அக்கா கோபப்படவில்லை.

“நான் என்னா தம்பி கேட்டேன் ஒங்ககிட்ட?” என்றார். அந்தக் கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, “கை ஒடஞ்சத வெளிய சொல்லிக்காதீங்க. அது போதும்” என்றார்.

நான் குமரேசனைப் பார்த்தேன். குமரேசன் கைப்பேசியைப் பார்த்தார். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்துவதற்குள் அக்கா விழுந்த காட்சி ஈப்போவைத் தாண்டி தஞ்சோங் மாலிம் வரை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

என் கடைக்கு நான் வைத்த பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. ‘கை ஒடஞ்ச கடை’ என்றால்தான் தெரியும். ஒரு வருஷம் இழுத்துப் பிடித்து ஓட்டிப் பார்த்து மூடினேன். காரணம் நான்தான். எதிரே பெரிய பேரங்காடி இருக்கும்போது, அங்கே கிடைப்பதையே அதைவிடக் கூடுதல் விலை வைத்து விற்றேன். ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. அந்தம்மா கை ராசி போய்விட்டது என்று சொன்னது. அதற்குப் பிறகு யாரும் தாம்பூலத் தட்டோடு அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சந்தையில் எதிரே வந்தால், புதுக்கடை திறக்கப்போகிறவர்கள் பேச்சை மாற்றினார்கள். மாவுக்கட்டு பிரித்த பிறகு அந்தக் கை மணிக்கட்டில் முழுசாகத் திரும்பவில்லை. மருத்துவச் செலவை நான்தான் பார்த்தேன், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அவரிடமிருந்து எடுத்தது வேறு. அதற்கு எந்த மருத்துவமனையிலும் ரசீது கொடுப்பதில்லை.

நான் பழைய தொழிற்சாலைக்கே போனேன். (வகுப்பெடுக்க எழுந்து நின்றாலே பின்வரிசையில் யாராவது அந்தக் காணொளியைப் போடுவார்கள்.) மலர், அடுக்குமாடிக்குக் கீழே தோசை மாவு விற்கும் சின்னக் கடை ஒன்றைப் பிடித்தாள். திறப்புக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்ததும் குமரேசன் வாய் திறந்தார். “நீ பேசாத அண்ணே” என்றாள். தாம்பூலத் தட்டை என் கையில் கொடுத்தாள்.

அக்கா கதவைத் திறந்து, தட்டைப் பார்த்தார். வாங்கவில்லை.

“வேணாம் தம்பி. என் கைய நம்பி எறங்காதீங்க.”

“கை நல்லாத்தான்க்கா இருந்திச்சி. தரதான் சரியில்ல. அது என் தர.”

காக்கி லீமாவைப் பற்றி நான் பேசவில்லை. அக்கா கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார், இரண்டு கையாலும்.

திறப்பு நாளில் பூசணிக்காய் இல்லை. வாசலில் மஞ்சள் பலகை நின்றது. மலர் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். விழுந்துகொண்டிருந்தவன் நெற்றியில் பொட்டோடு விழுந்துகொண்டிருந்தான். அக்கா படிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார்.

“தம்பி, தர காஞ்சிருச்சா?”

நான் மண்டியிட்டு, காய்ந்த தரையை இன்னொரு முறை துடைத்தேன். கூட்டம் சிரித்தது. அக்கா உள்ளே வந்து, திரும்பாத கையைத் தோளோடு சேர்த்துத் திருப்பி, நோட்டை மலரிடம் கொடுத்தார்.

மாவுக் கடை சுமாராக ஓடுகிறது. ஊர் இன்னும் அக்காவை வேறு திறப்புக்கு அழைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் வியாபாரத்துக்கு மலர் அவரை அழைக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும், குமரேசன் உட்பட, வாசலில் நின்று “தர காஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அக்காவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறார். அவர் மட்டும், நான் பதில் சொல்லும்வரை காலை எடுத்துவைப்பதில்லை.