சுமைகூலி முக்கால்பணம்

திரையில் டிக்கெட்டின் விலை பூஜ்ஜியம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், கூடுதல் கட்டணம் ஆளுக்கு நாலாயிரத்து இருநூறு என்று இருந்தது.

லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியின் மேல் தப்பில்லை.

"ஃப்ரீ டிக்கெட்டுக்கு எதுக்கு நாலாயிரத்து இருநூறு?"

"என்னைக் கேட்டா? நானா போட்டேன்?" என்றாள் மனைவி. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் பதினோரு வருஷமாகக் கம்பெனி செலவில் ஊர் ஊராகப் பறந்து, நின்றுபோன லிஃப்ட்டுகளைப் பார்த்து வருபவர். ஒவ்வொரு பயணத்துக்கும் விமானக் கம்பெனி பாயிண்ட் போட்டது. மனைவி எங்கே போகலாம் என்று கேட்டாலும், "பொறு, பாயிண்ட் சேரட்டும். சல்லிக்காசு செலவில்லாம உன்னை பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்" என்பார். மனைவி நூலகர். எடுத்துப் போன புத்தகம் எப்போது திரும்பி வரும் என்று காத்திருந்தே பழகியவள். இதற்கும் காத்திருந்தாள்.

இப்போது காத்திருக்க நேரமில்லை. அவளுடைய தங்கைக்கு இருபதாம் தேதி கண்ணில் ஆபரேஷன். அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்பதில் சண்டை வந்து, ஒன்பது வருஷம் அக்காவோடு பேசாமலிருந்த தங்கை அவள். போன வாரம்தான் தானாகவே கூப்பிட்டாள். "அக்கா, கட்டு அவிழ்க்கறப்ப நீ எதிர்ல இருந்தா போதும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். போனை வைத்த பிறகு மனைவி கொஞ்ச நேரம் அழுதாள்.

"கட்டிட்டுப் போவோமே. அவ கண்ணைவிடவா?" என்றாள் இப்போது.

"கட்டினா அது எப்படி ஃப்ரீ? பதினோரு வருஷம் கால்ல சக்கரம் கட்டிட்டு அலைஞ்சிருக்கேன். இன்னிக்கு ஒன்பதாம் தேதிதானே? காலையில குறையும், பாரு."

காலையில் நாலாயிரத்து எண்ணூறு.

மேற்பார்வையாளர் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார். இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

"ஃப்ரீ டிக்கெட்டுக்கு ஏம்மா காசு?"

"டிக்கெட் ஃப்ரீதான் சார். இது எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம்."

"அப்போ எரிபொருள் போடாத பிளேன் இருந்தா அதுல ரெண்டு சீட்டு குடு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"நேத்து நாலாயிரத்து இருநூறு, இன்னிக்கு நாலாயிரத்து எண்ணூறா? ஒரே ராத்திரியில எரிபொருள் எங்கே போச்சு?"

"அந்த ஊருக்குக் கிராக்கி ஜாஸ்தி ஆயிடுச்சு சார். கம்ப்யூட்டர் தானா ஏத்திடும். கிராக்கி குறைஞ்சா தானா இறக்கிடும்."

மேற்பார்வையாளருக்கு ஆச்சரியமாக இருந்தது. மச்சினியின் ஊரில் இருப்பது ஒரு கண் ஆஸ்பத்திரி, ஒரு சிமென்ட் தொழிற்சாலை. அங்கே போக யார் முட்டி மோதுகிறார்கள்? மனைவியிடம் சொல்லித் தங்கையை விசாரிக்கச் சொன்னார்.

"இங்கயா? என்ன விசேஷம் இருக்கு? கடைத்தெருவுல ஈ ஓட்டறாங்க" என்றாள் தங்கை.

"சிமென்ட்காரன்தான்" என்றார் மேற்பார்வையாளர். "ஏதோ மாநாடு போடறான். சத்தம் காட்டாம சீட்டைப் பிடிக்கறான்."

"ரயில்ல இடம் இருக்குங்க. பதினாலு மணி நேரந்தானே?"

"ரயில்ல போனா பாயிண்ட்டை என்ன, ஊறுகாய் போடறதா? மாசக் கடைசியில அத்தனையும் காலாவதி ஆயிடும்."

"சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி நூலகத்துக்குக் கிளம்பினாள்.

அன்று முழுக்க அவர் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். லிஃப்ட்டில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. சாயங்காலம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது. சிமென்ட்காரர்கள் மும்முரமாக இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்.

லிஃப்ட்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணுகிறது என்று தெரியாவிட்டால், ஆள் மாற்றி ஆள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி லாக் புத்தகத்தில் குறித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் லிஃப்ட் கோபித்துக்கொள்ளாது. இரண்டு நாளில் கோளாறு கையும் களவுமாகப் பிடிபடும். மேற்பார்வையாளர் வாழ்க்கையில் நம்பிய ஒரே முறை இதுதான். கட்டணம் எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதையும் இப்படியே பிடித்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

மறுநாள் ஆபீஸில் வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு, பன்னிரண்டு மெக்கானிக்குகளுக்கும் முறை போட்டார். இலவச டிக்கெட்டைப் பார்க்க உறுப்பினர் எண் வேண்டும். அவருடைய அட்டை கம்பெனியின் பேரில் இருந்தது. அந்த எண்ணையும் பாஸ்வேர்டையும் பலகையிலேயே பெரிதாக எழுதிப் போட்டார்.

"பாஸ்வேர்டைப் போய் யாராவது சுவத்துல எழுதுவாங்களா சார்?" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"திருடறதுக்கு அதுல என்ன இருக்கு? எடுத்தா அவன்தானே கூடுதல் கட்டணம் கட்டணும்! நீ லாக்கை எழுதும்மா."

அன்றிலிருந்து ஆபீஸில் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. லிஃப்ட் வேலையைச் சொல்லவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் வந்தது.

"சார், ஆறாயிரத்து எழுநூறு!"

"சார், ஏழாயிரத்து நூறு! ஏறுமுகமாவே இருக்கு!"

"கண்ணை எடுக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பாருங்க. அவனுங்க அசர்ற நேரம் பார்த்து அடிக்கணும்."

ஒரு மெக்கானிக், பல் டாக்டர் ஒருவர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்த கட்டிடத்துக்குப் போயிருந்தான். அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. முறையை விட மனசில்லாமல் கதவிடுக்கில் வாயை வைத்து, "டாக்டர் சார், உங்க போன்ல சிக்னல் இருக்கா? ஒரு நம்பர் சொல்றேன், கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்" என்றான். உள்ளே வேறு வேலை இல்லாததால் டாக்டரும் பார்த்தார். எட்டாயிரத்து நூறு என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெளியே வந்த பிறகும் அவரால் அதை விட முடியவில்லை. மறுநாள் அவர் கிளினிக்கிலிருந்து இரண்டு தரம் போன் வந்தது.

பதினாறாம் தேதி பதினோராயிரத்து நானூறு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி, "ரயில்ல பார்த்தேன். ஒரு இடம் இல்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தங்கையின் போன் வந்தது. மனைவியின் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சிரமமா இருந்தா விட்டுடு. பக்கத்து வீட்டு அம்மா கூட இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. உனக்கும் எத்தனை வேலை. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"வர்றேன்டி. கண்டிப்பா வர்றேன்" என்றாள் மனைவி.

மேற்பார்வையாளர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். வெட்கமாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு நேரே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஃப்ரீ டிக்கெட்டுக்கான கட்டணம் பதிமூவாயிரத்து அறுநூறு. அதே விமானத்தில் காசு கொடுத்து வாங்கும் டிக்கெட் பன்னிரண்டாயிரம்.

மனைவி பின்னால் வந்து நின்று இரண்டையும் படித்தாள்.

"காசு டிக்கெட்டே குறைச்சலா இருக்கே?"

"அதை வாங்கினா பாயிண்ட் வீணாயிடுமே!"

மனைவி மேலே பார்த்தாள். கூரையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"சரி, எதையாவது அமுக்குங்க. சீட்டு போயிடப் போகுது."

அவர் ஃப்ரீ டிக்கெட்டையே அமுக்கினார். பதினோரு வருஷப் பாயிண்ட் ஒரே நொடியில் காணாமல் போனது. மறுநாள் ஆபீஸில் பலகையைத் துடைக்கச் சொன்னார். லாக் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.

"ஒருதரம்கூட இறங்கல சார்" என்றாள் வரவேற்பறைப் பெண், அனுதாபத்தோடு.

"அவனுங்க கெட்டிக்காரனுங்க. நம்மளவிடப் பெரிய ஆபீஸா இருக்கும்" என்றார் மேற்பார்வையாளர்.

பத்தொன்பதாம் தேதி விமான நிலையத்தில் மனைவி ஒரு கனமான மூட்டையைத் தராசில் வைத்தாள். போர்வையில் சுற்றியிருந்தாலும் உள்ளே இருப்பது அம்மாவின் தையல் மெஷினின் தலை என்று தெரிந்தது.

"ஃப்ரீ டிக்கெட்டுக்கு லக்கேஜ் கிடையாது சார். இதுக்குத் தனியா ஆயிரத்து எண்ணூறு ஆகும்" என்றான் கவுண்ட்டரில் இருந்தவன்.

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு கார்டை நீட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் விலை கேட்டு அவர் பேசாமலிருந்தது அதுதான் முதல் தடவை. மனைவி அவர் கையை ஒருதரம் அழுத்தினாள்.

விமானத்தில் ஏறும்போது மேற்பார்வையாளர் தயாராகத்தான் இருந்தார். ஒரு வாரம் தன்னோடு மல்லுக்கு நின்ற சிமென்ட் கூட்டத்தை நேருக்கு நேர் ஒரு முறை முறைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே கப்பல் மாதிரி நீளமாக விரிந்து கிடந்தது. நூற்றெண்பது சீட்டு இருக்கும். ஜன்னலோரமாக ஒரு பெரியவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தம்பதி, கையில் குழந்தை. வேறு யாரும் இல்லை.

"மத்தவங்க இனிமேதான் வருவாங்களா?" என்று கேட்டார்.

"கதவை மூடியாச்சு சார்" என்றாள் விமானப் பணிப்பெண்.

"இல்ல, இந்த ஊருக்கு ரொம்பக் கிராக்கின்னு சொன்னாங்களே..."

"அதை ஏன் சார் கேக்கறீங்க! எப்பவும் சின்ன விமானம்தான் போகும். அதுவும் பாதி காலியாத்தான் போகும். போன வாரம் பூரா யாரோ அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் இந்த டிக்கெட்டைத் திறந்து திறந்து பார்த்திருக்காங்க. பெரிய கூட்டம் வருதுன்னு கம்ப்யூட்டர் கட்டணத்தை ஏத்திட்டே போச்சு. மேலிடத்துல பெரிய விமானத்தையே மாத்திப் போட்டுட்டாங்க."

மேற்பார்வையாளர் பெல்ட்டைத் தேடுவதில் மும்முரமானார்.

"யாராம்மா அது?" என்று கேட்டாள் மனைவி.

"ஏதோ லிஃப்ட் கம்பெனியாம்மா. ஆபீஸோட கிளம்பி வர்றாங்கன்னு முன்னாடி ஆறு வரிசையை அவங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கோம், பாவம் என்ன ஆச்சோ, ஒருத்தரையும் காணோம்!"