வீட்டுக்கு வயது முப்பத்தெட்டு

பிள்ளைகளே, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் படிவம் எதைப் பார்த்தாலும் எனக்குப் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கும். கேட்டதற்குமேல் எழுதினால்தான் மார்க் என்று நம்புகிறவன் உங்கள் அப்பா.

ஸ்ரீரங்கத்தில் நாம் வீடு கட்டிக் குடிவந்த புதிது. மலர் கைக்குழந்தை, தம்பி பிறக்கவில்லை. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் நம் வீட்டில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா இடுப்பில் மலரோடு தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தாள். குழாய் இணைப்புக் கேட்டுப் போனால், "சொத்துவரி நம்பர் இருந்தாதாங்க குழாய்" என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். தலைப்பு, 'சுய மதிப்பீட்டுப் படிவம்'.

சுயம் என்றால் நான். (பத்தாவது வரை படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?) ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்த்துத்தான் வரி போடுவார்கள் போலிருக்கிறது! அதையும் நம்மிடமே கேட்கிறார்களே! எனக்குப் புல்லரித்தது. மேலே பொடி எழுத்தில் 'கட்டிட விவரம்' என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

வயது: முப்பத்தெட்டு. தன்மை: பொறுமை. பயன்பாடு என்ற இடம்தான் படுத்தியது. யோசித்து, 'அக்கம்பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் போவேன்' என்று எழுதினேன். இடம் போதாமல், மேலே 'இணைப்பு' என்று தலைப்பிட்டு ஒரு தனித்தாள் வேறு. 'கோபம் வரும், சாப்பிட்டதும் போய்விடும்.'

அம்மா வாங்கிப் படித்தாள். அவளும் பொடி எழுத்தைப் பார்க்கவில்லை. "ஏங்க, குறட்டையை விட்டுட்டீங்களே?"

தனித்தாளின் பின்பக்கத்தில் அதையும் சேர்த்தேன்.

வரி ஆபீஸில் இருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"புது வீடுன்னீங்க? முப்பத்தெட்டு வயசுன்னு போட்டிருக்கு?"

"அது எனக்கு, மேடம்."

"அப்ப பொறுமை?"

"அதுவும் எனக்குத்தாங்க."

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "யார் கூப்பிட்டாலும் போற வீடா? எங்க தெருவுக்கும் கொஞ்சம் அனுப்பி வைங்கண்ணே!"

ஆபீஸே சிரித்தது. மின்விசிறிகூட ஒரு சுற்று தப்பிச் சுற்றியதாக ஞாபகம். குழாய் போச்சு என்று நினைத்தேன். அம்மாவின் குடம் கண்முன்னால் வந்தது.

அந்த அம்மையார் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், உங்க வீட்டை நீங்களே அளந்து சொல்றதுதான் சுய மதிப்பீடு" என்றார்.

"நீங்க வந்து அளக்க மாட்டீங்களா?"

"வருவோம். ஆனா முதல்ல நீங்க சொல்றதை நம்புவோம்."

என் பேச்சை அரசாங்கம் நம்புமா! அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நம் தெரு! ஒவ்வொரு வீடும் ஒரு குட்டிக் கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். நம் வீடு இருக்கும் இடம் மட்டும் காலி. "தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி எல்லாம் இந்தக் கட்டங்க சேர்ந்து கட்டுற வரியிலதான் சார் நடக்குது" என்றார். தினம் நான் நடந்துபோகும் விளக்கு வெளிச்சத்தில் முன்பின் தெரியாத இத்தனை பேர் இருக்கிறார்களா என்று பிரமித்துப் போனேன்.

அன்றே வீட்டை அளந்து, வேறு படிவம் எழுதிக் கொடுத்தேன். அவர்களும் வந்து சரிபார்த்தார்கள். நம்பர் வந்தது, பின்னாலேயே குழாயும் வந்தது. முதல் தண்ணீரை அம்மா கையில் ஏந்தி மலர் முகத்தில் தெளித்தாள்.

என் தனித்தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. "இணைப்புன்னு நீங்களே எழுதிட்டீங்க, கோப்புலயே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மையார். அதனால்தான் நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் உங்கள் அம்மா, "தட்டைப் போடுங்க, கோப்புல எழுதியிருக்கு" என்கிறாள்.

என்றைக்காவது வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றப் போவீர்கள். கோப்பைப் பிரித்தால் அந்தத் தாள் இருக்கும். வீட்டின் அளவைச் சரிபாருங்கள். தாளின் பின்பக்கத்தில் இருப்பதைச் சரிபார்க்க வேண்டாம், அது உண்மைதான்.