ஏழு சென்டிமீட்டர் கனடா

அறிவு கம்மியாக இருக்கிறவன் கையில் அட்லஸும் அடிமட்டமும் சேர்ந்து கிடைக்கவே கூடாது. கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் கண்டி டவுனில் என்னைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. முப்பத்தெட்டு வயதாகி, ஒரு மகளும் பிறந்து, அரசாங்க ஆபீசில் கிளார்க்காகப் பன்னிரண்டு வருசம் கதிரை தேய்த்த பிறகும் ஒருவன் இவ்வளவு பெரிய மடையனாக இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். தாராளமாக முடியும். நான் இருந்தேன், அதுவும் கொஞ்சம்கூடச் சிரமப்படாமல்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி விஜயாவுக்கு ஒரே ஒரு அக்கா, கமலா. இரண்டு பேரும் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் ஒரே காம்பரா அறையில், ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள். கமலாக்கா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் சிவம் என்ற யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார். போய்ப் பதினொரு வருசம். நடுவில் அவர்களுடைய அம்மா இறந்துபோனார். கமலாக்காவுக்கு அங்கே பேப்பர் எதுவும் சரியாகாத நேரம், சாவுக்கு வர முடியவில்லை. டெலிபோனில் அழுதார். லைன் பாதியில் அறுந்துபோனது. அன்றையிலிருந்து விஜயாவுக்கு ஒரே ஆசைதான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவைப் பற்றிப் பேசி, வயிறு வலிக்க ஒரு தடவை அழவேண்டும்.

கடைசியில் சிவம் அண்ணன் அழைப்புக் கடிதம் அனுப்பினார். “ரெண்டு பேரும் வாங்கோ. ரெண்டு கிழமை நிண்டுட்டுப் போங்கோ.” விஜயா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். ரெண்டு டிக்கெட், பதினாலு நாள், ஒரு வீடு, அக்காவோடு சமைத்துக்கொண்டே பேச ஒரு குசினி. ஒழுங்கான மனுசன் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பான்.

ஆனால் நான் யார்? ஆபீசில் ‘ட்ரிப் செல்வம்’ என்றால் தெரியாத ஆள் இல்லை. (இந்தப் பட்டத்தை யாரும் தரவில்லை, நானே பரப்பிவிட்டது.) வருசா வருசம் வேன் பிடித்து, அண்டா குண்டா ஏற்றி, கதிர்காமம், நுவரெலியா என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன். விடிய மூன்று மணிக்குக் கிளம்புவோம். வழியில் ஆற்றில் குளிப்போம். ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்குவோம். இருட்டினால் ஏதாவது கோயில் மண்டபத்தில் பாயை விரிப்போம். இப்பேர்ப்பட்ட நிர்வாகத் திறமை உள்ள ஒருவன், கனடா வரைக்கும் போய் ஒரு வீட்டுக் குசினியில் உட்கார்ந்துவிட்டு வருவதா? என்ன ஒரு கேவலம்!

மகள் தாரணியின் ஸ்கூல் அட்லஸை எடுத்தேன். அதில் நம் இலங்கைக்கு ஒரு முழுப் பக்கம். கனடாவுக்கு அரைப் பக்கம். அப்போதே எனக்குக் கனடாமேல் ஒரு இளக்காரம் வந்துவிட்டது. அடிமட்டத்தை வைத்து அளந்தேன். கண்டியிலிருந்து கதிர்காமம் ஏழு சென்டிமீட்டர். கமலாக்கா இருக்கிற டொரண்டோவிலிருந்து அந்தப் பக்கக் கடலோரத்து வான்கூவர், அதே ஏழு சென்டிமீட்டர்! கதிர்காமத்துக்கு எவ்வளவு நேரம்? டீ குடிக்கிற நேரத்தையும் சேர்த்து ஆறு மணித்தியாலம். ஆக, காலையில் டொரண்டோவில் கிளம்பினால் மத்தியானச் சோறு வான்கூவரில்.

பக்கத்தின் அடியில் அளவுத்திட்டம் என்று ஒரு கோடு கிடந்தது. பக்கம் வெறுமையாக இருக்குமே என்று அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். (ஓ/எல் பரீட்சையில் புவியியலில் நான் எடுத்த மார்க்கை இன்றுவரை விஜயாவிடம் சொன்னதில்லை.)

ஆபீசில் என் பக்கத்து மேசை முனாஸ் நானா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.) “செல்வம், கனடா பெரிய நாடுன்னு சொல்றாங்களே?”

“யாரு நானா சொன்னா? மெப்ல பாருங்க. அரைப் பக்கம்.”

“அல்லாஹ்! அப்ப என் பேரையும் போடுங்க.”

இப்படி ஒவ்வொரு பேராகச் சேர்ந்து எட்டுப் பேர் ஆகிவிட்டோம். ட்ரிப் என்றால் ஆளுக்கு ஒரு பொறுப்பு இருக்க வேண்டும், அது என் சட்டம். ஆபீஸ் டைப்ரைட்டரில் பதினாறு பக்கத்துக்கு ஒரு பிளான் அடித்தேன், இங்கிலீஷில். முதல் பக்கத்திலேயே பொறுப்புப் பட்டியல். முனாஸ் நானா, தலைமைச் சமையல். விஜயா, உதவிச் சமையல், வெங்காயம் உட்பட. நம் வழக்கமான வேன்காரர் பண்டார, சாரதி. கடுகண்ணாவ மலை வளைவில் இருபது வருசம் ஓட்டியவரை விட்டுவிட்டு ஊர் பேர் தெரியாத கனடாக்காரனை நம்பி வண்டியில் ஏறமுடியுமா? பண்டாரவுக்கு ஒரே ஒரு கவலைதான். “மாத்தயா, அங்கே லைட்டாக மழை பெய்யுமா?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். எனக்கு எல்லாம் தெரியும்தானே.

மாதம் டிசம்பர். ஏனென்றால் எங்களுக்கு லீவு டிசம்பரில்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கம்யூனிகேஷன் கடையிலிருந்து சிவம் அண்ணனுக்குப் போன் போட்டு, பிளானை வாசித்துக் காட்டி, எட்டுப் பேருக்கும் கடிதம் வேண்டும் என்று கேட்டேன்.

“தம்பி, என்ன கதிர்காமத்துக்கோ வெளிக்கிடுறியள்?”

“அதே தூரந்தான் அண்ணே. அளந்துட்டேன்.”

“என்னத்தை அளந்தனீர்? இஞ்ச எங்கட மாகாணத்தைத் தாண்டவே ஒரு பகலும் ஒரு இரவும் காணாது. உதுக்குள்ள டிசம்பரில ஆத்தில குளிக்கப் போறன் எண்டுறீர். ஆறு கல்லு மாதிரி இறுகிக் கிடக்குமப்பா!”

“பரவாயில்லண்ணே, ஓரமா குளிச்சிக்கிறோம். நுவரெலியாவுலயே குளிச்சவன் நான்.”

போனை வைத்துவிட்டு விஜயாவிடம், “உங்க அத்தான் வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து பயந்தாங்கொள்ளியாப் போயிட்டாரு,” என்றேன். பதினொரு வருசம் அந்த ஊரில் இருக்கிற மனுசனைப் பற்றி, பிளேனே ஏறாத நான் சொன்ன வார்த்தை இது! என் வாயில் அப்போது யாராவது ஒரு பாண் துண்டை அடைத்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

சிவம் அண்ணன் பாவம், மரியாதைக்காக எட்டுப் பேருக்கும் கடிதம் அனுப்பினார். விஜயா மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஏங்க, இந்த பிளான்ல அக்கா வீட்டுல எத்தன நாளு?”

புரட்டிப் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம். சாமான் இறக்கி ஏற்றுகிற நேரம். “போகையில ஒருக்கா, வரையில ஒருக்கா பாத்துக்கலாம்,” என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கிறது? நான் பிளானில் கரடி பார்க்கும் நேரத்தை ஆறு மணியா ஆறரையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு கொடுமை. டீக்கடையில் எவனோ ஒருவன், “சொந்தக்காரங்க இருக்காங்கன்னு வாயத் தொறந்துறாதீங்க, அங்கேயே தங்கிருவீங்கன்னு விசா தரமாட்டான்,” என்று எனக்குப் புத்தி சொல்லியிருந்தான். அவன் பேராதனையைத் தாண்டிப் போனவனே இல்லை. ஆனாலும் நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விஜயாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். “அக்கான்னு மூச்சு விடக்கூடாது. எதுக்குப் போறீங்கன்னு கேட்டா, கரடி பாக்கன்னு சொல்லணும்.” அக்கா வீட்டு அழைப்புக் கடிதமே விண்ணப்பத்தில் சேர்ந்துதான் போயிருக்கிறது என்பது என் பதினாறு பக்க மூளைக்கு எட்டவில்லை.

அந்தக் காலத்தில் விசாவுக்கு நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நாள். பண்டாரவின் வேனில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, கொழும்புக்குக் கிளம்பினோம். எல்லார் தலையிலும் நான் அச்சடித்துக் கொடுத்த சிவப்புத் தொப்பி. அதில் ‘கண்டி – கனடா ட்ரிப்’ என்று எழுதியிருந்தது. தூதரக வாசலின் நீண்ட வரிசையில் மற்றவர்கள் எல்லாம் முகத்தில் ஈயாடாமல் நிற்கிறார்கள். நாங்கள் மட்டும் சிவப்புத் தொப்பியோடு பார்சல் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம்.

என்னையும் விஜயாவையும் முதலில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். (எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.)

அந்த அம்மா பிளானைப் புரட்டினார். “நாலாம் நாள், காலை ஆறரை முதல் ஏழு வரை கரடி பார்த்தல். கரடி அந்த நேரத்துக்கு வரும் என்று எப்படித் தெரியும்?”

“மின்னேரியாவில் யானை நாலரைக்கு வரும் மேடம்,” என்றேன்.

அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். “ஆற்றில் குளியல், நாற்பத்தைந்து நிமிடம். டிசம்பரிலா?”

“யெஸ் மேடம். குளித்தால்தான் நல்லாப் பசிக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். என் திட்டத்தின் ஆழத்தில் ஆடிப்போய்விட்டார் என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புறம் அவர் விஜயா பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “நீங்க எதுக்கும்மா கனடா போறீங்க?”

விஜயா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன்.

“கரடி பாக்க,” என்றாள்.

“அங்கே உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது?”

மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் மெல்லத் தலையை ஆட்டினேன், இல்லையென்று. அந்த அம்மா அழைப்புக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவம் அண்ணனுடையதுக்குக் கீழே அக்காவின் கையெழுத்து. விஜயா அதைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. “எங்கக்கா,” என்றாள். அத்தோடு உடைந்துபோய்விட்டாள். எனக்குத் தெரிந்து அம்மா சாவுக்கு அப்புறம் அவள் அப்படி அழுதது அன்றைக்குத்தான். அக்கா பக்கத்தில் அழவேண்டிய அழுகையைக் கொழும்பில் ஒரு கவுண்டருக்கு முன்னால் அழவைத்த பெருமை என்னையே சேரும்.

அந்த அம்மா அவளிடம் டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். “பண்டார என்பவர் யார்?”

“சாரதி மேடம். ரொம்ப நல்ல சாரதி.”

“முனாஸ்?”

“சமையல். உதவிக்கு என் மனைவி.”

சொல்லும்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டிரைவர், சமையல்காரர், எடுபிடி என்று கனடாவுக்கு ஆட்களை ஏற்றி அனுப்புகிற ஏஜென்ட் மாதிரி நான் நிற்கிறேன்! எட்டுப் பேருக்கும் விசா இல்லை. முனாஸ் நானாவை உள்ளே கூப்பிட்டு, உங்களுக்கு யார் சம்பளம் தருவது என்று கேட்டார்களாம். அவர் “செல்வம்தான்,” என்றிருக்கிறார்.

திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பாடவில்லை. கேகாலைக்குப் பக்கத்தில் விஜயா என் தலையிலிருந்த தொப்பியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். “ஒரு குசினி கேட்டேன். ஒரே ஒரு குசினி,” என்றாள். பண்டார கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். வெட்கத்தில் செத்துப்போனேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மையில் அப்போதும்கூட, ட்ரிப்பை நவம்பரில் போட்டிருந்தால் சரியாக வந்திருக்குமோ என்றுதான் யோசித்தேன். அப்பேர்ப்பட்ட பிறவி நான்.

அடுத்த வருசம் விஜயா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. தானே தமிழில் எழுதினாள். ‘என் அக்காவைப் பார்த்துப் பன்னிரண்டு வருசம். அம்மா இறந்தபோது அவரால் வர முடியவில்லை. ஐந்து கிழமை அவருடன் இருந்துவிட்டு வருவேன், இங்கே எனக்கு மகள் இருக்கிறாள்.’ அவ்வளவுதான் கடிதம். தாரணி அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். விஜயா தனியாக ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், விசாவோடு வந்து இறங்கினாள். எப்படிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டபோது, “கேட்டாங்க, சொன்னேன்,” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஐந்து கிழமை. அக்காவும் தங்கச்சியும் குசினியை விட்டு அசையவில்லையாம். சிவம் அண்ணன் நயாகரா அருவிக்குக் கூட்டிப்போகக் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். “தெல்தெனியா டேமுல பாக்காத தண்ணியா?” என்று இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, சாக்லேட் சாப்பிடச் சொந்தமெல்லாம் வீட்டில் கூடியிருந்த நேரம், முனாஸ் நானா மெல்லக் கேட்டார். “தங்கச்சி, எங்க எட்டுப் பேருக்கும் தராத விசாவ ஒங்களுக்கு மட்டும் எப்புடித் தந்தாங்க?”

விஜயா சாக்லேட் தட்டைக் கீழே வைத்தாள். “அதே கண்ணாடி போட்ட அம்மாதான் நானா. என்னப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிருச்சி. ‘இந்தத் தடவ ஒங்க வீட்டுக்காரர் வரலையா’ன்னு கேட்டாங்க. ‘அவரு வந்தா நான் எங்கக்காவப் பாக்க முடியாதுங்க’ன்னேன். சிரிச்சிக்கிட்டே விசாவக் குத்திக் குடுத்துட்டாங்க.”

வீடே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

தாரணி இப்போது கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்து இறங்குவாள். வாசலிலேயே நான் கேட்பேன், “மாப்பிள்ளை வரலையாம்மா?” அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அம்மா குரலிலேயே, “அவரு வந்தா நான் எங்கம்மாவப் பாக்க முடியாதுங்க,” என்பாள். குசினிக்குள்ளிருந்து விஜயா சிரிக்கிற சத்தம் கேட்கும். தாரணி நேராக அங்கே போய்விடுவாள். என்னை ஒருவரும் உள்ளே கூப்பிடமாட்டார்கள்.