ஆட்டம் முடிந்ததும் திறக்கும் உறை

வில்லா ஒசோரியோ என்ற ஊரில் அந்த ஜனவரி மாதம் தேவாலயத்தைவிட டோன் கசிமீரோ வீட்டு வாசலில்தான் கூட்டம் அதிகம். பாதிரியாருக்கு வயிற்றெரிச்சல். இருக்காதா பின்னே? அவர் சொல்வது பலிக்கிறதா என்று பார்க்கச் செத்துப்போக வேண்டும். டோன் கசிமீரோ சொல்வது ஆட்டம் முடிந்த கையோடு பலித்துவிடும்!

விஷயம் பேஸ்பால். குளிர்காலக் கோப்பையின் இறுதித் தொடர். ஊர் அணியான 'நண்டுகள்' மூன்று ஆட்டம் ஜெயித்து, மூன்று தோற்று, கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தது. பந்து வீசுகிறவன் களைத்தால் ஆளை மாற்றுவதா, அப்படியே விடுவதா? அதை முடிவு செய்யத்தான் மேனேஜர் எவரிஸ்தோவுக்குச் சம்பளம். சம்பளமே இல்லாமல் அதை முடிவு செய்ய ஊரில் முப்பதாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் டோன் கசிமீரோ.

காலையில் காபி குடித்துவிட்டு, கோப்பையின் அடியில் தங்கிய வண்டலை உற்றுப் பார்ப்பார். புனிதர்கள் அதில் வந்து யோசனை சொல்வார்களாம். பரலோகத்தில் அவர்களுக்கு வேறு வேலை இல்லை போலும். சொன்னதை எழுதி, உறையிலிட்டு, மெழுகு வைத்து ஒட்டுவார். ஆட்டம் முடிந்ததும் மெலனியோவின் மளிகைக்கடை முன்னால், டிவி பார்க்கும் கூட்டத்தின் நடுவே பிரிப்பார். எவரிஸ்தோ ஆளை மாற்றித் தோற்றிருந்தால் உள்ளே 'விடு' என்றிருக்கும். மாற்றாமல் தோற்றிருந்தால் 'மாற்று' என்றிருக்கும். ஜெயித்துவிட்டால்? எவரிஸ்தோ எதைச் செய்தானோ அதுவே இருக்கும். ஒரு முறைகூடப் பிசகவில்லை. விசா கிடைக்குமா, ஓடிப்போன புருஷன் திரும்புவானா என்று கேட்க ஜனம் கோழியும் ரம் பாட்டிலுமாக அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டியது.

அணி நிர்வாகத்தின் தலைவரும் அந்த வரிசையில் நின்றவர்தான். "கடைசி ஆட்டமும் போச்சுன்னா எவரிஸ்தோ வீட்டுக்குப் போகட்டும். அந்த நாற்காலி டோன் கசிமீரோவுக்கு!" என்று வானொலியிலேயே சொல்லிவிட்டார்.

எவரிஸ்தோவின் மனைவி யோகாஸ்தா அதைக் கேட்டு அழுதாள். ஒவ்வொரு மட்டையாளனின் பலவீனத்தையும் இருபது வருஷமாக நோட்டில் எழுதிப் படிக்கிற மனிதன் அவன். அவனைவிடக் காபி வண்டல் உசத்தியா? அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் யோசனையும் வந்தது.

அவள் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். ஊரில் எவன் தலையில் என்ன இருக்கிறது என்று கவனிப்பதுதான் அவள் பிழைப்பு. 'விடு' என்று வருகிற நாளெல்லாம் டோன் கசிமீரோ தொப்பியைக் கழற்றி உள்ளிருந்து உறையை எடுப்பார். 'மாற்று' வருகிற நாளில் தொப்பி அசையாது, உறை சட்டைப்பையிலிருந்து வரும். புனிதர்கள் ஆளுக்கொரு வீடு பிடித்துக் குடியிருக்கிறார்கள் போலும்!

ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசி ஆட்டம், கடைசிச் சுற்று. நண்டுகள் ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. இன்னும் ஒருவனை வெளியேற்றினால் கோப்பை. ஓர் அடி நன்றாக விழுந்தால் போச்சு. பந்து ராதமேஸின் கையில். அவன் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. எவரிஸ்தோ எழுந்து அவனிடம் நடந்தான்.

"மாத்துடா, கழுதை!" என்று கடை முன்னால் கூட்டம் கத்தியது. எரிவாயு உருளை விற்கும் நெனோதான் முன்னணிப் பாடகன்.

கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்த யோகாஸ்தா எழுந்து நின்றாள். "டோன் கசிமீரோ, உறையை இப்பவே குடுங்க. பந்து வீசுறதுக்கு முன்னாடி."

"முன்னாடி பிரிச்சா புனிதருங்க கோவிச்சுக்குவாங்கம்மா."

"ஏன்? காலையிலயே சொல்லிட்டாங்கல்ல? சொன்னது சாயங்காலத்துக்குள்ள மாறிடுமா?"

"அக்கா கேக்குறது நியாயந்தானே! குடுங்க டோன், அவ மூஞ்சியில கரி பூசுங்க!" என்றான் நெனோ. பக்தர்களே நெருக்கினால் சாமியாருக்கு ஏது போக்கிடம்? டோன் கசிமீரோ கூட்டத்தின் கூச்சலைக் காதில் வாங்கினார். கை சட்டைப்பைக்குப் போனது. மெலனியோ உறையைப் பிரித்து, "மாற்று!" என்று உரக்கப் படித்தான்.

டிவியில் எவரிஸ்தோ ராதமேஸின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தனியாகத் திரும்பி நடந்தான். ஆளை மாற்றவில்லை.

"தொலைஞ்சோம்!" நெனோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

ராதமேஸ் வீசினான். மட்டை காற்றைத்தான் அடித்தது. இன்னொன்று, காற்று. மூன்றாவதும் காற்று, ஆள் வெளியே! கோப்பை ஊருக்கு! கடையின் தகரக்கூரை அதிர ஜனம் கூத்தாடியது.

டோன் கசிமீரோவும் துள்ளிக் குதித்தார். பழக்கதோஷம் யாரை விட்டது? தொப்பியைக் கழற்றினார், உறையைக் கிழித்தார், உயர்த்திக் காட்டினார். "பாருங்க! 'விடு'ன்னு காலையிலயே எழுதிட்டேன்!"

மெலனியோ கையில் 'மாற்று'. டோன் கசிமீரோ கையில் 'விடு'. கூட்டம் இதைப் பார்த்தது, அதைப் பார்த்தது. கூத்து நின்றது. முதலில் சிரித்தவன் மெலனியோ.

"ரெண்டுமே முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு! என்னா சக்தி!" என்றான் நெனோ.

"அந்தச் சக்தி எனக்கும் இருக்கு, நெனோ," என்றாள் யோகாஸ்தா. "நாளைக்கு மழை வரும். இல்லன்னா வராது. கோழியை எங்க வாசல்ல கட்டிடு."

அதற்குள் டோன் கசிமீரோ தெருமுனை தாண்டியிருந்தார். புனிதர்கள் அவசரமாகக் கூப்பிட்டார்களோ என்னவோ!

"எவரிஸ்தோ அடுத்த வருஷம் தப்பு பண்ணுவான்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்ப நல்லா திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா அவன் பந்து விழுறதுக்கு முன்னாடி முடிவு பண்றவன். அதை மறந்துடாதீங்க."

உங்களுக்கும் ஒரு வார்த்தை. தப்பே செய்யாத மகான் ஒருவர் உங்கள் தெருவுக்கும் வருவார். காலில் விழுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாமி, இதை எப்போது சொன்னீர்கள்?"