கவுன்சிலரின் கணவர் வெளியேற்றப்பட்ட விவரம்

காத்திவாக்கம்,
திங்கட்கிழமை.

எம்.கே.பி. நகரில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் மச்சான் அறிவுக்கு, உன் அக்காள் புருஷன் கோதண்டம் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா மலர்க்கொடி மிக மிக நலம். நான்தான் நலமாக இல்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, கவுன்சிலராக வேண்டிய நான் பெருந்தன்மையோடு அவளை நிற்க வைத்தது உனக்குத் தெரியும். ஜெயித்த பிறகு வார்டு ஆபீஸ் நாற்காலிக்கு நான், கையெழுத்துக்கு அவள் என்று மக்கள் பணி குறையில்லாமல்தான் நடந்தது. யார் கண் பட்டதோ தெரியவில்லை. போன வாரம் மண்டலக் குழுக் கூட்டம். என் தோஸ்து, காண்டிராக்டர் ரவிக்குமார் நம் தெருவில் கட்டிய மழைநீர் வடிகாலுக்கு ஒப்புதல் தர வேண்டும், அடுத்த தெரு வேலையையும் அவருக்கே தர வேண்டும். "அது வந்ததும் 'வரவேற்கிறேன்'னு ஒரே வார்த்த சொல்லிட்டு குந்திக்கோ" என்று வழியெல்லாம் பாடம் சொல்லிக் கூட்டிப் போனேன். உறுப்பினர் மட்டும்தான் உள்ளே என்று என்னைக் கதவோரம் நிறுத்திவிட்டார்கள்.

பெயர் கூப்பிட்டதும் எழுந்தாள். "கட்டின கால்வால தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு இன்ஜினீயர் சார் பாத்தாரா? மழ பேஞ்சா தெருத் தண்ணி வெளிய போவல, முகத்துவாரத் தண்ணி வூட்டுக்குள்ள வருது" என்றாள்! இன்ஜினீயர், நிலைமையைத் தொடர்ந்து கண்காணித்து வருவதாகச் சொன்னார். "நாங்களும்தான் கண்காணிக்கிறோம் சார், கட்டில் மேல குந்திகினு" என்று இவள் சொல்ல, எதிர்க்கட்சி மேஜையைத் தட்டியது. அது போகட்டும், நம் கட்சியும் தட்டியது. குழுத் தலைவர் பதறி, "ஏம்மா, வூட்டுக்காரர கேட்டுகினுதான் பேசறியா?" என்றார். நியாயமான கேள்வி. நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "தலைவரே, அதுக்கு நான் பதில் சொல்றேன்" என்றேன். உன் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "வெளியாளுக்கு இங்க இன்னா வேல? அனுப்புங்க" என்றாள். அனுப்பினார்கள், மச்சான். காவலாளி தோளில் கை வைத்து கேட் வரை கொண்டுவந்து விட்டார். இன்னொரு கவுன்சிலரம்மாவின் கணவன் திருமுருகன் அங்கே எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "வுடு மாமு, எங்க வூட்ல போன மாசமே ஆரம்பிச்சிடுச்சி" என்றான்.

மறுநாள் அத்தனை பேரும் நேரில் வந்து, லாரித் தண்ணீரை வடிகாலில் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் கொஞ்ச தூரம் போய், யோசித்து, திரும்பி வந்து நம் வீட்டுப் படியேறியது. இடித்துக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ரவிக்குமார் என்னைக் கண்டாலே சந்து மாறுகிறார். வடிகால் தப்பாகவே இருக்கட்டும், அதை நாலு பேர் நடுவில் சொல்வதா? தாலி கட்டினவன் வெளியாளா? ஞாயிற்றுக்கிழமை வந்து உன் அக்காளுக்குக் குடும்ப லட்சணத்தை நறுக்கென்று எடுத்துச் சொல்.

மகிழினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் வீட்டிலாவது ஆம்பளைப் பேச்சு செல்லுபடியாகட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா,
கோதண்டம்.

பி.கு.: கூட்டத்து வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம். கட்சியின் மாவட்டச் செயலாளர் இப்போதுதான் போன் செய்து, "இன்னா கோதண்டம், சம்சாரத்த சூப்பரா தயார் பண்ணிகீறியே!" என்றார். "எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான் தலைவரே" என்றேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரும்போது மாலையோடு வா. மாமாதான் பேசச் சொன்னார் என்று யார் கேட்டாலும் சொல். உன் அக்காளிடம் மட்டும் சொல்லிவிடாதே.