மதருக்கு நான் மொழிபெயர்த்த கதை

ஒரு மொழியில் சண்டை பிடிக்கத் தெரிந்துவிட்டால், அந்த மொழியே கைவசமாகிவிட்டது என்று நினைப்பது மனித சுபாவம். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில், போர்கோ வெக்கியோச் சந்தையில் கத்தரிக்காய்க்காரனோடு இத்தாலிய மொழியில் சண்டை பிடித்து நான் வென்றேன். (அன்று அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.)

அந்தப் புகழை நம்பித்தான் மன்னாரிலிருந்து வந்த மதர் என்னைக் கூப்பிட்டார். கிராமத்துச் சனங்களுக்காகவே உழைக்கும் கன்னியர் சபையின் தலைவி அவர். ஓலைக்கொட்டிலில் தொடங்கிய சபை வன்னி முழுக்கப் பரவியிருந்தது. கடல் தாண்டிய முதல் இல்லத்தை, முதியவர்கள் மட்டுமே மிஞ்சிய ஒரு சிசிலி மலைக்கிராமத்தில் திறக்க விரும்பினார். அந்த ஊர்க்காரர் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சம்மதித்தால்தான் வீடு.

"பிள்ளை, இத்தாலியன் நல்லாக் கதைப்பீரோ?"

"ஓம் மதர், தண்ணிபட்ட பாடு."

கன்னியருக்கு இத்தாலிய மொழியில் 'சுவோரே'. என் வாயில் வந்ததோ 'சுவோச்செரே', அதாவது மாமியார்கள். (லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை பார்த்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, நாள் முழுக்கப் போனில் திட்டித் தீர்த்த சொல்.)

"எங்கட சிஸ்டர்மார் கிராமம் கிராமமா இருக்கினம்" என்றார் மதர்.

"எங்கள் மாமியார்கள் கிராமம் கிராமமாக இருக்கிறார்கள்" என்றேன்.

ஒரு கிழவர் இருமினார்.

"வருசா வருசம் கூடினமே தவிரக் குறையேல்லை."

அதையும் சொன்னேன். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உங்கட ஊருக்கு முதல்ல மூண்டு பேர். வீடு வீடா வருவினம்."

"முதலில் மூன்று மாமியார்கள். வீடு வீடாக வருவார்கள்!" என்று முழங்கினேன்.

"மாதாவே, வீட்டில் இருக்கிற ஒன்றே போதும்!" என்று பின்வரிசையில் ஒருவர் அலறினார். மண்டபம் குலுங்கியது.

பங்குத்தந்தை சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி வந்து, நான் சொல்ல நினைத்தது கன்னியரை என்று எல்லோருக்கும் விளக்கினார். மேசைக்கடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். மேசை சின்னது, நான் அப்படியில்லை.

"மதர், இவ்வளவு நேரமும் உங்களை மாமிமார் எண்டு சொல்லிப்போட்டன்."

மதர் தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப அப்பிடியே சொல்லும். எங்கட மாமிமார் மருமகளைத் திட்டமாட்டினம். சமைச்சும் குடுப்பினம்."

சொன்னேன். அலறிய மனிதரே எழுந்து, "எப்போது வருகிறார்கள்?" என்று கேட்டார்.

இன்று அந்த ஊரில் கன்னியர் இல்லத்துக்கு 'மாமியார் வீடு' என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து என் சொந்த மாமியார் வந்தபோது அங்கே கூட்டிப்போனோம். வாசலில் நின்ற கிழவி, இவர் யார் என்று கேட்டாள். "சுவோச்செரா" என்றேன், இந்த முறை சரியாகத்தான். கிழவி பக்தியோடு மாமியின் கையை முத்தமிட்டு ஆசீர்வாதம் கேட்டாள். மாமியும் கூச்சமில்லாமல் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவரை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை.